மூயெட்டுக்கு அகராதி விளக்கங்களை மனப்பாடம் செய்தால் போதுமா?

கேள்வி கேட்டவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் படிவம் ஆறு மாணவி. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர். மூயெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் பேண்டு 4, அதாவது நான்காம் தரநிலை, வேண்டுமாம். தினமும் பத்துக் கடினமான சொற்களை அகராதி விளக்கத்தோடு மனப்பாடம் செய்யச் சொல்லி யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இது உதவுமா, தமிழ் அகராதியை மூட்டை கட்டிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நானும் இந்த வட்டாரத்தில்தான் டியூசன் எடுக்கிறேன். விளக்கத்தைப் படித்துச் சொல் கற்பது நல்ல வழி. மனப்பாடம் செய்வதுதான் வீண். மூயெட்டில் "இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுது" என்று ஒரு கேள்வியும் வராது. எழுத்துத் தாளில் ஒரு மின்னஞ்சலோ கடிதமோ குறைந்தது 100 சொற்களில், ஒரு கட்டுரை குறைந்தது 250 சொற்களில் எழுத வேண்டும். அங்கே சொல்லை எடுத்துப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒரு பையனின் நோட்டைச் சொல்கிறேன். ஆங்கிலச் சொல், விளக்கம், தமிழ் என்று ஸ்கேலால் கோடு போட்ட மூன்று கட்டங்கள். லூக்ரேட்டிவ் என்ற சொல்லுக்கு எதிரே "நிறைய இலாபம் தருவது" என்று அழகாக எழுதியிருந்தான். கட்டுரையில் வந்து விழுந்த வாக்கியம்: "மை அங்கிள் இஸ் எ லூக்ரேட்டிவ் மேன்." மாமா நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று சொல்ல வந்திருக்கிறான். பொருள் தெரியும். ஆனால் அந்தச் சொல் தொழிலுக்கும் வேலைக்கும் ஒப்பந்தத்துக்கும்தான் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. இதை அவன் நோட்டு அவனுக்குச் சொல்லவில்லை. நல்ல அகராதி சொல்லியிருக்கும்.

1987இல் வந்த கொலின்ஸ் கோபில்ட் அகராதி இதற்காகவே விளக்கங்களை முழு வாக்கியமாக எழுதியது. ஒரு வேலையோ தொழிலோ இப்படி இருந்தால் அதை இப்படிச் சொல்வார்கள் என்ற பாணி. அதனால் விளக்கத்தைப் படிக்கும்போதே அந்தச் சொல் யாரோடு பழகும், யாரோடு பழகாது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த முறை ஒரு விளக்கத்தைப் பார்க்கும்போது பொருளை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆளைப் பற்றிய சொல்லா, பொருளைப் பற்றியதா? பாராட்டா, குத்தலா? பேச்சில் வருமா, அறிக்கையில் மட்டுமா? நொட்டோரியஸ் என்பதைப் "புகழ்பெற்ற" என்று எழுதி வைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாராட்டி உரை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கெட்ட விஷயத்துக்குப் பேர் போனவர் என்பது விளக்கத்திலேயே இருக்கிறது.

சரி, எந்த அகராதி? பாக்கெட் அகராதி வேண்டவே வேண்டாம். பிடிவாதமான என்று பொருள்படும் அப்ஸ்டினேட்டைத் தேடினால் ஸ்டபர்ன் என்று போட்டிருக்கும், ஸ்டபர்னைத் தேடினால் அப்ஸ்டினேட் என்று போட்டிருக்கும், நாம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருப்போம். கற்பவர்களுக்கென்றே செய்த அகராதிகள் வேறு வகை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1935இல் வெளியிட்ட அகராதியில் சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கினார்கள். 1978இல் வந்த லாங்மேன் அகராதியும் அதே வழியில் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வை முடித்தவருக்கு அந்த இரண்டாயிரத்தில் பெரும்பாலானவை தெரிந்திருக்கும். இப்போது லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மூன்றுமே இணையத்தில் இலவசம். கைப்பேசி போதும், நூறு வெள்ளி கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் பல சொற்களுக்குப் பக்கத்தில் பி1, பி2, சி1 என்று சின்னக் குறி இருக்கும், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலின் நிலைகள் அவை. அதைக் கவனியுங்கள். 2021இலிருந்து மூயெட்டின் பேண்டுகளும் அதே ஐரோப்பிய அளவுகோலை ஒட்டித்தான் வருகின்றன. பேண்டு 4 என்பது பி2, பேண்டு 5 என்பது சி1. உங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இருப்பவற்றைத் தேடிப் பாருங்கள். பாதிக்குக் குறியே இருக்காது என்பது என் சந்தேகம். இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அரிதான சொல் என்றால் உயர்ந்த சொல் என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கட்டுரையில் திணிக்கிறார்கள், மார்க்கும் போகிறது.

அதற்குப் பதிலாக 2000இல் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விச் சொற்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வேரிலிருந்து வரும் சொற்களை ஒரு குடும்பமாக எண்ணினால் மொத்தம் 570 சொற்குடும்பங்கள். கல்லூரிப் பாடநூல் போன்ற எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இதிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகள் மறந்துவிடும் ஒரு வசதியும் இங்கே இருக்கிறது. இதில் கணிசமான பகுதி உங்களுக்கு மலாய் வழியாக ஏற்கெனவே தெரியும். சிக்னிஃபிகான், கொன்சிஸ்தென், கிரித்தேரியா, ஹிப்போத்தேசிஸ், அல்தெர்னாதிஃப், ஸ்த்ராதேகி எல்லாம் மலாயில் படித்த பாடங்களில் வந்தவைதானே? ஆங்கிலம் புதுசு என்று மலைக்கும் பிள்ளை, இவற்றை மலாய்க் கட்டுரையில் தயங்காமல் எழுதுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம். மலாயில் சிக்னிஃபிகான் என்ற ஒரே வடிவத்தை வைத்தே பெரும்பாலும் ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் சிக்னிஃபிகன்ட், சிக்னிஃபிகன்ஸ், சிக்னிஃபிகன்ட்லி, சிக்னிஃபை என்று குடும்பமே உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பொருள் தெரியும். பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் பெயரடையைப் போடுவதால்தான் வாக்கியம் நொண்டுகிறது. அதனால் ஒரு சொல்லைத் தேடினால் அதன் அண்ணன் தம்பிகளையும் சேர்த்தே பாருங்கள்.

மலாய் கைகொடுக்கும் இன்னொரு சொல் மிட்டிகேட். ஆற்றோரங்களில் "ரன்சாங்கான் தெபாத்தான் பஞ்சிர்" என்ற வெள்ளத் தணிப்புத் திட்டப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அது ஃப்ளட் மிட்டிகேஷன். வெள்ளத்தை அடியோடு நிறுத்துவதாக அந்தப் பலகை சொல்லவில்லை, பாதிப்பைக் குறைப்பதாகத்தான் சொல்கிறது. அகராதி விளக்கமும் அதேதான்: கெட்ட ஒன்றின் கடுமையைக் குறைத்தல். இனி "மிட்டிகேட் மை ஹேப்பினஸ்" என்று எழுத உங்களுக்குக் கை வராது.

பழகும் முறை: விளக்கத்தைப் படித்துவிட்டு மூடுங்கள். அதையே உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள், இலக்கணம் கொஞ்சம் தடுக்கினாலும் பரவாயில்லை. அப்புறம் தோட்டத்தைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ உண்மையான ஒரு வாக்கியம். அட்டையின் ஒரு பக்கம் விளக்கம், மறுபக்கம் சொல். விளக்கத்தைப் பார்த்துச் சொல்லை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் கட்டுரை எழுதும்போது மூளை போவது அந்தத் திசையில்தான். தெரிந்த அட்டையை நாள் தள்ளிப் பாருங்கள், தெரியாததை மறுநாளே. தினம் நான்கைந்து சொல் தாராளம். பத்து என்றால் ஒரு வாரத்தில் அட்டைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

தமிழ் அகராதியைத் தூக்கி எறிய வேண்டாம். மரம், பறவை, நோய், சமையல் பொருள் என்றால் நேராகத் தமிழுக்குப் போங்கள். மஞ்சளுக்கு ஆங்கில விளக்கத்தை நான்கு வரி படிப்பது நேர விரயம். கருத்தையும் குணத்தையும் சொல்லும் சொற்களுக்கு முதலில் ஆங்கில விளக்கம், பிறகு சரிபார்க்கத் தமிழ். அந்தப் பட்டியலை என்ன செய்வது என்றால், பி2, சி1 குறி இருப்பவற்றை மட்டும் வட்டமிட்டு வைத்துக்கொண்டு மற்றதைத் தேர்வு முடிந்த பிறகு பாருங்கள்.