பார்கோடு போதாதா? ஆர்எஃப்ஐடி லேபிள் பற்றி வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். பார்கோடு இருக்கும்போது இந்த லேபிள் எதற்கு?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பார்கோடு "40 சைஸ் நீலச் சட்டை" என்பதோடு நின்றுவிடும். அதே ரகத்தில் நூறு சட்டை இருந்தால் நூறுக்கும் ஒரே எண். ஆர்எஃப்ஐடி என்பது ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் முறை. அந்த லேபிளில் (டேக் என்றும் சொல்வார்கள்) ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண். பண்டலைப் பிரிக்காமலே ரீடரை, அதாவது லேபிளைப் படிக்கும் கருவியைக் காட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் பதில் சொல்லும்.

ஒரு லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கோலம் மாதிரி வளைந்து ஓடும் மெல்லிய அலுமினியக் கோடுதான் ஆன்டெனா. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அதுதான் சிப். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். உங்கள் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் இதே இனம்தான்.

ஆனால் கடை ஒன்று, சரக்கு மொத்தமும் உங்கள் கண் முன்னால் என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். "அந்த சைஸ் இல்லையே" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் அதே சைஸை மாடி குடோனில் பார்க்கிறீர்களா? அடிக்கடி அப்படி நடந்தால் லேபிள் போட்ட காசு திரும்பி வரும்.

ரீடர் காட்டும் எண்ணிக்கை, கையால் எண்ணுவதைவிட அதிகமாக வருகிறது. மெஷின் பழுதா?
– குடோன் மேற்பார்வையாளர், மாதவரம்

பெரும்பாலும் பழுது இல்லை. ஒரே டேகை ரீடர் பத்து முறை படித்தாலும் எண் ஒன்றுதான் என்பதால் கணக்கில் ஒன்றாகத்தான் ஏறும். ஆகவே அந்த அதிகப்படி டேகுகள் பக்கத்தில் எங்கோ நிஜமாகவே இருக்கின்றன.

மூலக்கடைப் பக்கம் ஒரு குடோனில் எனக்கே இது நடந்தது. இரண்டு ராத்திரி எண்ணினோம், நாற்பது சட்டை கூடுதலாகவே வந்தது. பையன்கள் கை ஓய்ந்துபோனார்கள். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரிட்டர்ன் சரக்கு கிடந்ததால் அதைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அப்போதும் எண் இறங்கவில்லை. கடைசியில் பில் மேசை டிராயரை இழுத்தால், எண் பதித்து ஒட்டாமல் விட்ட லேபிள் ரோல் ஒன்று சுருண்டு கிடந்தது. அச்சடித்தவுடன் கணக்கில் ஏற்றச் சொன்னது நான்தான். ஒட்டிய பிறகு ஏற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் முதலில் டிராயர்களைப் பாருங்கள். பிறகு ரீடரின் பவரைக் குறைத்து, ஆன்டெனாவைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி வையுங்கள். மரமும் அட்டையும் இந்த அலையைத் தடுக்காது. மிச்ச ரோலை இரும்புப் பெட்டியில் போட்டு மூடுவது நல்லது.

மீன் பெட்டியில் ஒட்டினால் பாதிக்கு மேல் படிக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், காசிமேடு

தண்ணீர் அலையை விழுங்கிவிடும், உலோகம் திருப்பி அடிக்கும். உங்கள் பெட்டியில் ஐஸும் மீனும் என்று முழுக்கத் தண்ணீர்தான். தெர்மாகோல் பெட்டியின் வெளிப்புறத்தில், ஈரம் படாத மேல் விளிம்பில் ஒட்டுங்கள். அடுக்கும்போது லேபிள் வெளியே பார்க்கட்டும். எண்ணெய் டின்னுக்கு என்றால் சாதாரண லேபிள் உதவாது, உலோகத்தின் மேல் ஒட்டவென்றே அடியில் இடைவெளி வைத்துச் செய்த டேக் தனியாக உண்டு.

2003-இல் வால்மார்ட் தன் 100 பெரிய சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளுக்கு டேக் ஒட்டச் சொன்னபோதும் தண்ணீரும் உலோகமும் பெரிய தலைவலி. துணி அலையைத் தடுப்பதில்லை. ஜவுளியில் இது நன்றாக வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க ஆர்டருக்குத் தைத்துத் தருகிறேன். லேபிள் கட்டாயம் என்கிறார்கள். இங்கே ஒட்டியது அங்கே வேலை செய்யுமா?
– தையல் யூனிட் உரிமையாளர், கொருக்குப்பேட்டை

செய்யும். இதற்கான ரேடியோ அலைவரிசை இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 902 முதல் 928. பொதுவாகச் சந்தையில் கிடைக்கும் லேபிள்கள் இரண்டுக்கும் பதில் சொல்லும்படிதான் வருகின்றன. ரீடர்தான் அந்தந்த நாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். எண்ணைச் சொந்தமாக உருவாக்காதீர்கள். வாங்குபவர் தரும் ஜிஎஸ்1 (பார்கோடு எண்களுக்கான உலகத் தர அமைப்பு) எண்ணையே பதியுங்கள், ஒரே எண் இரண்டு உருப்படியில் வரக் கூடாது.

மகனுக்கு எடுத்த பேண்டில் இந்த டேக் இருக்கிறது. வீடு வரை வேவு பார்க்குமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பார்க்காது அம்மா. அதில் ஜிபிஎஸ் இல்லை, சில மீட்டர் தூரத்தில் ரீடர் இருந்தால்தான் பேசும். மனதுக்கு ஒப்பவில்லை என்றால் கத்தரித்துப் போட்டுவிடுங்கள், ஆனால் மாற்ற வேண்டியிருக்காது என்று தெரிந்த பிறகு.

ஸ்டாக் எண்ணுவதுதான் என் வேலை. இது வந்தால் என் வேலை போய்விடுமா?
– வாசகர், வியாசர்பாடி

மழுப்ப மாட்டேன். ராத்திரி முழுக்க எண்ணும் வேலை குறையும். ஆனால் எந்த ரேக்கில் எது இருக்கும், எந்தப் பண்டல் எப்போது வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். டேக் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அதனால் ரீடரை முதலில் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். முதலாளிகளுக்கும் சொல்கிறேன், வெளியாளைக் கொண்டுவருவதற்கு முன் இவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மதியம் போதும். தொலைந்த உருப்படியின் எண்ணைப் போட்டுத் தேடச் சொன்னால், பக்கத்தில் போகப் போக பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வரும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.