வேதாகமக் கதைகளுக்குப் படம்: வாசகர் கேள்விகளுக்கு ஓவியரின் பதில்கள்

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் காட்டுவதெல்லாம் பழைய காலண்டர் படங்கள்தான். பிள்ளைகள் கதையை நன்றாகவே சொல்கிறார்கள். சரித்திரப்படி படம் சரியாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? விருந்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன, தரையில் சாய்ந்தால் என்ன?
– ஓர் ஆசிரியை, நாசரேத்

பதில்: நீங்கள் சொன்ன விருந்தையே எடுத்துக்கொள்வோம். லூக்கா 7-ஆம் அதிகாரம், பரிசேயனாகிய சீமோனின் வீடு. ஒரு பெண் பரிமளதைலத்தோடு வருகிறாள். இயேசுவின் பின்னால், அவர் பாதங்களருகே நின்று அழுகிறாள். கண்ணீர் பாதங்களில் விழுகிறது, தலைமுடியால் துடைக்கிறாள். இதை நாற்காலி, மேசை போட்டு வரைந்து பாருங்கள். பாதம் மேசைக்கு அடியில் போய்விடும். பின்னால் நிற்கிறவளின் கண்ணீர் அங்கே எப்படி விழும்? “அந்த அக்கா மேசைக்கு அடியில போனாங்களா?” என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கதையைக் கவனித்துக் கேட்ட பிள்ளைக்குத்தான் அது தோன்றும்.

அந்தக் காலத்து விருந்தில் தாழ்வான மேசை நடுவில் இருக்கும். மூன்று பக்கமும் மெத்தையிட்ட இருக்கைகள். விருந்தாளி இடது முழங்கையை ஊன்றி ஒருக்களித்துச் சாய்ந்து, வலது கையால் சாப்பிடுவார். தலை மேசைப் பக்கம், கால் வெளிப்பக்கம். வாசல் வழியாக உள்ளே வருகிறவருக்கு முதலில் எட்டுவது பாதங்கள்தான். இப்படி ஒரே ஒரு படம் காட்டினால் போதும், லூக்கா எழுதியது வரிக்கு வரி கண்முன் நடக்கும். “என் கால்களுக்கு நீ தண்ணீர் தரவில்லை” என்று இயேசு சீமோனிடம் சொல்வதும் அப்போதுதான் உறைக்கும். தெருப் புழுதி படிந்த அந்தக் கால்களை வீட்டுக்காரர் விருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கடைசி இராப்போஜனமும் அப்படித்தான். அன்பான சீஷன் இயேசுவின் மார்பில் சாய்ந்தான் என்று யோவான் 13 சொல்கிறது. வரிசையாக ஒருக்களித்திருக்கும்போது முன்னால் இருப்பவர் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்தாலே அது நடந்துவிடும். லியனார்டோ டா வின்சி மிலான் நகரத்தில் 1495 முதல் 1498 வரை வரைந்த ஓவியத்தில் எல்லாரும் நீள மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். துறவிகள் சாப்பிடும் கூடத்துச் சுவருக்காக வரைந்தது அது. அந்தக் கூடத்துக்கு அது பொருத்தம். அந்தப் போஜனம் நடந்த எருசலேமின் மேல்வீட்டறை எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அது உதவாது.

கேள்வி: அந்தக் காலத்தில் போட்டோ கிடையாது. என்ன உடை உடுத்தினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: துணியே கிடைத்திருக்கிறது, தம்பி. சவக்கடல் பக்கத்துக் குகைகள் மிகவும் வறண்டவை. 1960, 61-இல் தொல்லியல் அறிஞர் யிகேல் யாதீன் தலைமையில் அங்கே ஒரு குகையைத் தோண்டினார்கள். கி.பி. 132–135 கலகத்தில் ரோமருக்குத் தப்பி ஒளிந்த யூதக் குடும்பங்கள் விட்டுப்போன அங்கிகளும் போர்வைகளும் சாயம் மங்காமல் கிடைத்தன. அதே சவக்கடல் பக்கத்து மசாதா கோட்டையில் தோல் செருப்புகளும் கிடைத்திருக்கின்றன. அங்கி என்பது இரண்டு செவ்வகத் துணிகளை மேலே இணைத்து, கழுத்துக்கு இடம் விட்டுத் தைத்தது. தோளிலிருந்து கீழ்வரை இரண்டு வண்ணக் கோடுகள். அதனால் நான் சீஷர்களை வரையும்போது அந்தக் கோடுகளை விடுவதே இல்லை.

பழைய ஏற்பாட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று லாகீஸ் சிற்பங்கள். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்தான் அல்லவா, அதை நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிடிபட்ட யூதாவின் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். பெண்களின் முக்காடு தலையிலிருந்து உடையின் ஓரம்வரை நீளமாகத் தொங்குகிறது. மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும். எசேக்கியா ராஜா காலத்து ஜனங்களை அதே காலத்துக் கை செதுக்கியிருக்கிறது! பகைவனின் கைதான், ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 2 இராஜாக்கள் 18-ஐப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தப் படத்தைக் காட்டாமல் விடாதீர்கள்.

கேள்வி: குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஏரோது கொல்லச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, நான் அந்தக் காட்சியில் மரியாளின் மடியில் சற்று வளர்ந்த குழந்தையை வரைகிறேன்.

கேள்வி: அப்படியானால் மரியாளுக்குச் சேலை கட்டி வரைவது தவறா?
– வாசகி, திருச்சி

பதில்: தவறே இல்லை. கோவாவில் 1902-இல் பிறந்த ஏஞ்சலோ ட ஃபொன்செகா அப்படித்தான் வரைந்தார். அவருடைய மரியாள் முன்னால் என்னால் மணிக்கணக்காக உட்கார முடியும். அது ஜெபத்துக்கான படம், ‘இவர் நம்மோடும் இருக்கிறார்’ என்று சொல்கிற படம். ஆனால் ‘அங்கே என்ன நடந்தது’ என்று பிள்ளை கேட்கும்போது அதற்கான படத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வரைய வராது. புதுப் படங்கள் வாங்கச் சபையில் பணமும் இல்லை. என்ன செய்ய?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: சாக்பீஸ் இருக்கிறதா? போதும். 1986-இல் வறட்சியால் கலிலேயாக் கடலின் தண்ணீர் வற்றியபோது, கினோசர் கரையில் சேற்றுக்குள் ஒரு பழைய மரப்படகு தெரிந்தது. மீன்பிடிக்கும் சகோதரர்கள் இருவர்தான் முதலில் பார்த்தார்கள். இயேசுவின் காலத்தை ஒட்டியது. பல வகை மரத்துண்டுகளால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். நீளம் சுமார் 27 அடி, அகலம் ஏழரை அடி. அந்த அளவில் ஆலயத் தரையில் ஒரு படகு போடுங்கள், இரண்டு முனையும் ஒடுங்கட்டும். பின்முனையில் தலையணை வைத்து ஒரு பிள்ளையைப் படுக்கச் சொல்லுங்கள். இன்னும் பன்னிரண்டு பேரைக் கோட்டுக்குள் உட்கார வையுங்கள். அப்புறம் இயேசு படகில் தூங்கும்போது புயல் வந்த கதையை, மாற்கு 4-இலிருந்து, மெதுவாக வாசியுங்கள். அலை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்திருக்கும், தூங்குகிறவரை எழுப்ப யார் யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.