புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்கு அரசு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? கம்பெனிகள்தானே கண்டுபிடிக்கின்றன?

வரி கட்டிச் சலித்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதையே சொல்லும் கொழுந்தனார் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். மாமியாருக்கு அங்கேயே சாட்ஸ்வொர்த் பகுதி. அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொழுந்தனார், "கம்பெனிக்காரன் மூளையே மூளை, கவர்மென்டால் இதெல்லாம் முடியுமா" என்றார். அன்று ஏறிய மருந்து பேக்லிடாக்செல். எனக்கு வந்ததே கோபம்!

அந்த மருந்தின் கதை என்ன தெரியுமா? அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் செடிகொடிகளில் மருந்து தேடியபோது, 1962-ல் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். வால், வாணி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து மருந்தைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். (வாணி மகாராஷ்டிரத்தில் பிறந்தவர், நம்மூர்க்காரர்தான்.) பட்டையில் மருந்து துளியூண்டுதான் கிடைக்கும், தண்ணீரிலும் கரையாது. லாபம் கணக்குப் போடுகிறவர் அதன் பின்னால் அத்தனை வருடம் அலைவாரா? பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் கம்பெனி ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது 1991-ல். விற்பனை அனுமதி 1992-ல்.

2003-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குச் சொன்னது. 2002 வரை இந்த மருந்துக்கு அரசு ஆராய்ச்சிச் செலவு 48.4 கோடி டாலர். கம்பெனியின் விற்பனை சுமார் 900 கோடி. அரசுக்குத் திரும்பி வந்த ராயல்டி 3.5 கோடி!

கம்பெனி சும்மா இருந்தது என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். அவர்களும் பெரும் பணம் போட்டார்கள். ஆனால் விலை நியாயமாக இருக்க வேண்டும் என்று 1989-ல் அரசு தன் ஒப்பந்தங்களில் சேர்த்த நிபந்தனையை, 1995-ல் அரசே எடுத்துவிட்டது. கோபப்படுவதென்றால் அதற்குப் படுங்கள். பணம் கொடுத்ததில் என்ன தப்பு?

"முதலில் இருக்கிற மெஷினைச் சரிசெய்யட்டும், அப்புறம் ஆராய்ச்சி" என்பார்கள் சிலர். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் கதிர்வீச்சு மெஷின்கள் பழுதாகி, மருத்துவர்களும் போய், நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று 2017-ல் மனித உரிமை ஆணையமே சொன்னது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அதற்காக ஆராய்ச்சியை நிறுத்தினால் மெஷின் ஓடிவிடுமா?

உண்மையில் எங்களை நோகடித்தது மெடிக்கல் எய்ட், அதாவது சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பீடு. நடுச் சிகிச்சையில், இந்த வருட வரம்பு முடிந்தது, இனி ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டுங்கள் என்று கடிதம். போன் செய்தால் பாட்டு கேட்கலாம், பதில் கிடைக்காது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "உங்கள் பிளான் அப்படி" என்றாள். சந்தா மட்டும் ஜனவரி ஆனால் ஏறிவிடுகிறது. பிளானை மாற்றுவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.