கேள்வி–பதில்: பழைய கோப்பை யார் கணக்கில்?

கே: எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குக் கடன் ஏறிவிட்டது. கலைத்துவிட்டு அதே பெயரில் புதிதாகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா அப்படித்தான் மீண்டதாமே? பழைய கோப்பைகள் எங்கள் கணக்கில் நிற்குமா?
– வாசகர், கீழக்கரை

ப: அவசரப்பட்டுக் கலைத்துவிடாதீர்கள். ஸ்லோவேனிய லீக் 1991-இல் 21 அணிகளோடு தொடங்கியது. தலைநகர் லுப்லியானாவின் ஒலிம்பியா முதல் 4 பட்டங்களையும் வரிசையாக வென்றது. 2005-இல் பணமுடையால் அந்தக் கழகமே போய்விட்டது. அதே ஆண்டு பெஜிகிராட் என்ற பெயரில் புதுக் கழகம் 5-ஆம் நிலையில் ஆடத் தொடங்கி, ஆண்டுக்கொரு படியாக ஏறி 2009-இல் முதல் நிலைக்கு வந்தது. வழியில் ஒலிம்பியா என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது. 2016, 2018, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் பட்டம் அதற்கே. ரசிகர்களுக்கு அது 8. ஸ்லோவேனியக் கால்பந்துச் சங்க ஏட்டில் 4 மட்டுமே. புது விசைப்படகில் பழைய பெயரை எழுதலாம், பழைய பதிவு எண்ணை எழுத முடியுமா?

உங்களுக்கு ஏற்ற முன்மாதிரி கோப்பர் கழகம். ஸ்லோவேனியாவின் கடற்கரை மொத்தமே 47 கி.மீ.தான், நம் மாவட்டக் கரையில் ஐந்தில் ஒரு பங்கு. அங்குள்ள துறைமுக ஊர் கோப்பர். அந்த ஊர்க் கழகம் 2010-இல் சாம்பியன், 2017-இல் பணச்சிக்கலால் உரிமம் கிடைக்காமல் 4-ஆம் நிலைக்கு இறங்கியது. அங்கிருந்து ஏறி 2020-இல் முதல் நிலைக்குத் திரும்பியது. நீங்களும் ஒரு பருவம் கீழ்ப்பிரிவில் ஆடுங்கள். ஜெர்சி, பந்து, நடுவர் கூலி, வண்டி வாடகை என்று பாக்கியைத் தனித்தனியாக எழுதி, பொதுக்குழுவில் வைத்துத் தவணை பேசுங்கள். ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கே: ஸ்லோவேனிய லீக்கில் 10 அணிக்கு 36 சுற்று எப்படி? புள்ளி சமமானால்?
– வாசகி, பாம்பன்

ப: எதிரணி 9, ஒவ்வொன்றோடும் சொந்த மைதானத்தில் 2, வெளியூரில் 2 ஆட்டம். 9 × 4 = 36. புள்ளி சமமானால் அந்த இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். 2021-இல் கடைசி நாளன்று முரா அணி மரிபோர் அணியின் மைதானத்துக்கே போய் 3-1 என்று வென்றது. இரண்டுக்கும் ஒரே புள்ளி, பட்டம் முராவுக்கு. கோல் கணக்கை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் தப்பாகலாம்.