ரஜூலா டெக் டிக்கெட்டும் டைப்ரைட்டிங் லோயரும்

பினாங்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1956ஆம் வருடத்து ரஜூலா கப்பலின் டெக் டிக்கெட் (கேபின் இல்லாமல் தளத்தில் இடம்) ஒன்று, ஊசி போட்ட (தடுப்பூசிப் பதிவு) புத்தகம் ஒன்று, சென்னை அரசின் டைப்ரைட்டிங் லோயர் (தட்டச்சுக் கீழ்நிலைத் தேர்வு) சர்டிஃபிகேட் ஒன்று. 'டிக்கெட் எடுத்து ஏறினால் போதும், டைப் தெரிந்தால் வேலை' என்று வீட்டில் சொல்வார்களாம். அது உண்மையா, அவர் வந்த தடத்தை எங்கே தேடுவது என்பது கேள்வி.

தம்பி, வீட்டில் சொல்வது 1953க்கு முந்தைய கதை. மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதன்பின் கப்பல் டிக்கெட் துறைமுகம் வரைக்கும்தான் செல்லும். கரையில் கால் வைக்க நுழைவு அனுமதி வேண்டும். இங்கே ஆள் கிடைக்காத வேலைக்கு ஒப்பந்தத்தோடு வருபவர், ஏற்கெனவே இங்கிருப்பவரின் குடும்பத்தார் என்று வகை பிரித்துத்தான் விட்டார்கள். லோயர் பாஸ் செய்த டைப்பிஸ்ட் இங்கேயே நிறைய உண்டு. ஆகவே அந்தச் சர்டிஃபிகேட்டை மட்டும் நீட்டி 1956இல் இறங்கியிருக்க முடியாது. என் கணிப்பில், உங்கள் தாத்தா அதற்கு முன்பே இங்கிருந்து, ஊருக்குப் போய்த் திரும்பியவர். பழைய பாஸ்போர்ட் கிடைத்தால் முதலில் இந்தப் பயணத்துக்கு முந்தைய தேதியில் மறுநுழைவு அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1956 அவருடைய முதல் பயணம் அல்ல.

ஊசிப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பயணத் தேதியை நெருக்கிப் பிடிக்க அதுதான் வழி. அன்றைய விதிப்படி காலரா ஊசி போட்ட ஆறாம் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். அம்மை குத்தியது மூன்று வருடம் செல்லும். முதல் தடவை குத்தினால் எட்டு நாள் கழித்தே கணக்கு, மறுபடி குத்தியதானால் அன்றே செல்லும். அவசரத்தில் கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். பினாங்கில் அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்குத் தனிமை முகாம் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. கேபின்காரர்களை விட டெக் பயணிகளைத்தான் அதிகம் கொண்டுபோய் வைத்தார்கள்.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்பது பாதை. நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. வெளியே நங்கூரம் போடும், படகில் போய் ஏணி பிடித்து ஏறவேண்டும். படகு அலையில் எழும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்கணும். தாழும்போது வைத்தால் கால் தொங்கும். அதனால்தான் பழைய டிரங்குப் பெட்டிகளில் கயிற்றுத் தழும்பு இருக்கும், பெட்டி தனியாகக் கயிற்றில் ஏறியது.

டெக் என்றால் வெயிலில் கிடப்பது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கீழ்த்தளங்களில் பாய் விரித்த இடம்தான். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஏறிக் கப்பலின் நடுப்பகுதியில், காற்றுக்குழாய்க்கு அடியில் விரிப்பார்கள். முன்பக்கம் போனால் ஆட்டம் அதிகம், இன்ஜின் சுவரை ஒட்டினால் சூடு, கழிப்பறைப் பக்கம் சொல்லவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடல் புரட்டும். ஊறுகாயும் எலுமிச்சையும் கொண்டுவராதவர் பாடு திண்டாட்டம்.

சர்டிஃபிகேட்டுக்கு வருவோம். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45. ஐந்து தட்டு ஒரு சொல். பத்து நிமிட வேகத் தேர்வில் லோயருக்கு 1500 தட்டு. ஆனால் நிறையப் பேரைக் கவிழ்த்தது வேகம் இல்லை, இரண்டாம் தாளில் வரும் கட்டம் போட்ட பட்டியல். எட்டு அங்குல அகலத் தாளில் பெரிய எழுத்து மெஷினில் வரிக்கு 80 இடம். நான்கு பத்திகளிலும் நீளமான சொற்களைக் கூட்டினால் 44 எழுத்து என்று வையுங்கள், மிச்சம் 36. இரு ஓரத்துக்கும் ஒன்பது ஒன்பது, நடுவே மூன்று இடைவெளிக்கு ஆறு ஆறு. இதைத் தாளில் எழுதாமல் மனத்தில் போட்டு, ஒவ்வொரு பத்தியும் தொடங்கும் இடத்தில் மெஷின் நிற்க டேப் வைக்கத் தெரிந்தவனைத்தான் ஆபீசில் வைத்துக்கொள்வார்கள். நகலெடுக்கும் கார்பன் தாளை முகம் மாற்றிச் செருகினால் நகல் தாளில் ஒன்றும் விழாது, மேல்தாளின் முதுகில் கண்ணாடிப் பிம்பமாக விழும். புதிதாகச் சேர்ந்தவரை அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

லோயர் மட்டும் இருந்தால் கடையிலோ தோட்டத்துக் கிராணிக்கு (எழுத்தருக்கு) கீழோ எடுபிடி எழுத்து வேலை. மேலே போக ஷார்ட்ஹேண்ட் (சுருக்கெழுத்து) வேண்டும், நிமிடத்துக்கு 80 சொல்லில் தொடங்கி 120 வரை. பிட்மன் முறையில் மெல்லிய கோடு ஆங்கில P ஒலி, அதே கோடு தடித்தால் B ஒலி. வளையும் நிப் இல்லாமல் பால்பாயின்டில் எழுதினால் இரண்டும் ஒன்றாகித் திரும்பப் படிக்கவே வராது. இங்கே வந்தபின் மாலை நேரத் தனியார் கமர்ஷியல் ஸ்கூலில் சேர்ந்து லண்டன் சேம்பர் (லண்டன் வணிகச் சங்கம்) தேர்வில் கணக்கு வைப்பும் எழுதி மேலே போனவர்கள் நிறைய. தாத்தாவின் பெட்டியில் சென்னைச் சர்டிஃபிகேட் மட்டும்தானா, லண்டன் சேம்பர் தாளும் உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் அதன் தேதியும் ஊரும் அவர் எங்கே தங்கியிருந்தார் என்பதைச் சொல்லிவிடும். செட்டியாரின் வட்டிக் கடையில் இருந்தவர் என்றால் கதை வேறு. அங்கே பெட்டியடியும் (கடைக் கணக்கு மேசை வேலை) பேரேடும் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) தான், டைப்புக்கு வேலை குறைவு.

இனி தேடல். அடையாள அட்டை இருந்தால் நிறம் பாருங்கள்: நீலம் குடியுரிமை, சிவப்பு நிரந்தரவாசம். அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசம். ஊசித் தேதிக்கு ஆறு நாள் கழித்துத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ரஜூலா வரவு எந்தெந்த நாள் என்று கப்பல் விளம்பரங்களில் பார்த்து, டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். பயணியர் பெயர்ப்பட்டியலை அங்கே தேடி நேரம் போக்காதீர்கள், டெக் பயணிகள் பெயரைப் பத்திரிகை போடாது. கிள்ளான் துறைமுகம் என்று தேடினால் ஒன்றும் வராது. 1972 வரை அது போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான், அந்தப் பெயரையே போடுங்கள்.