தேன் பார்சல் ‘டெலிவர்டு’, வாங்கியவர் வரவில்லை என்கிறார்

மார்த்தாண்டத்திலிருந்து கோவைக்கு ஸ்பீட் போஸ்டில் போட்ட இரண்டு பாட்டில் தேன் ‘டெலிவர்டு’ என்று காட்டுகிறது, வாங்கியவரோ கைக்கு வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார், இதுதானே உங்கள் சிக்கல்? முதலில் அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து வீட்டில், வாட்ச்மேனிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். நான் அனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ் பெட்டி ஒன்று வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் மூன்று நாள் கிடந்தது.

அங்கேயும் இல்லையா, அன்றைக்கே அஞ்சல் துறை தளத்தில் ரசீதிலுள்ள எண்ணைப் போட்டுப் புகார் பதிந்து, யார் கையில் கொடுத்தார்கள் என்ற விவரத்தைக் கேளுங்கள். புகார் எண்ணை அவருக்கும் அனுப்புங்கள், பாதி கோபம் அதிலேயே அடங்கும். கார்டில் பணம் கட்டியிருந்தால் அவர் வங்கி வழியாகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; அப்போது பேமெண்ட் கேட்வே (கார்டு பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் நிறுவனம்) சொல்லும் கெடுவுக்குள் நீங்கள் ரசீது, பார்சல் எடை, வாட்ஸ்அப்பில் அவரே கொடுத்த முகவரி எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். கெடு தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பணம் போய்விடும்.

அப்புறம், 2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்டில் ஓடிபி சொன்னால்தான் பார்சல் தரும் வசதி இருக்கிறது, கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தேன் மாதிரி விலை கூடிய சரக்குக்கு அதைக் கட்டாயம் போடுங்கள்.