அவர் ‘யாரோ’ இல்லை

கேள்வி: ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்தபோது வரையப்பட்ட பென்சில் ஓவியங்களில் யாரோ ஒரு மலாய் மாலுமியின் முகமும் இருக்கிறதே, அவர் எப்படி அங்கே வந்தார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: யாரோ இல்லை ஐயா, அவர் பெயர் பொபாஸு. எப்படி வந்தார் என்று ஃபிளிண்டர்ஸைப் பற்றித்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் 1803 பிப்ரவரியில் வட ஆஸ்திரேலியக் கரையில் இருவரும் சந்தித்தபோது ஃபிளிண்டர்ஸ் அந்தப் பக்கத்துக்குப் புதியவர், பொபாஸுவோ இருபது வருடங்களில் ஆறேழு தடவை வந்துபோனவர்.

இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மக்காஸர் துறைமுகத்திலிருந்து, கடலடியில் கிடக்கும் உருளை வடிவப் பிராணியான கடல் அட்டையை எடுக்க வந்த ஆறு பாய்க்கப்பல்களுக்கு அவர் தலைவர். மக்காஸருக்குப் பக்கத்துச் சீமையான போனியின் ராஜாவுடைய அறுபது கப்பல்களும் ஆயிரம் ஆட்களும் அந்தக் கரையில் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். கையில் வரைபடம் கிடையாது, ஒரு குட்டி டச்சு திசைகாட்டி மட்டும். ஒரு மாதத்துக்கான தண்ணீர் மூங்கில் குழாய்களில். மூன்றிலிருந்து எட்டு பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் முங்கி அட்டையை எடுத்து, கீறி, வேகவைத்து, மூங்கில் குச்சி கொடுத்து விரித்து, வெயிலிலும் புகையிலும் காயவைத்துச் சீன வியாபாரிகளுக்கு விற்றார்கள். இத்தனையும் ஃபிளிண்டர்ஸே கேட்டு எழுதிவைத்தது. அவர் கப்பலின் மலாய் சமையற்காரர்தான் இடையில் மொழிபெயர்த்தார். படம் வரைந்த வில்லியம் வெஸ்டாலுக்கு அப்போது 21 வயது. படம் இன்று கான்பராவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாது என இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். அந்த மண்ணின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேதான் இருந்தார்கள். வந்தவர்களோடு வியாபாரமும் செய்தார்கள், சண்டையும் போட்டார்கள். பொபாஸுவின் முழங்காலிலேயே அவர்களுடைய ஈட்டி பாய்ந்திருக்கிறது. அப்புறம் அந்த வட கரையையும் நிர்வகிக்க வந்த தெற்கு ஆஸ்திரேலிய அரசு மக்காஸர்காரர்களுக்கு வரி போட்டது, உரிமம் வாங்கச் சொன்னது, 1906இல் உரிமமே கிடையாது என்றது. தலைமுறை தலைமுறையாக வந்துபோனவர்களை ஒரு காகிதத்தால் அந்நியராக்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அவர்கள் கொண்டுவந்த புளியமரங்கள் மட்டும் அங்கே தங்கிவிட்டன.

கடல் அட்டை என்றதும் ராமநாதபுரம் மீனவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2001இலிருந்து அதைப் பிடிக்க முழுத் தடை. சீசனும் அளவும் வைத்து அனுமதிக்கலாம் என்பது என் கட்சி. அதைப் பற்றி யாராவது கேள்வி அனுப்புங்கள், விரிவாகவே எழுதுகிறேன்.